எழுத்துக்குப் பதில் பெட்டி தெரிகிறதா? எடிட்டரில் மாற்று எழுத்துரு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிட்டரில் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். பாதி வரி ஒழுங்காக இருக்கிறது. நடுவில் திடீரென்று வெற்றுச் சதுரங்கள். அல்லது எழுத்து தெரிகிறது, ஆனால் பக்கத்து எழுத்தோடு ஒட்டாமல் வேறு தடிமனில், வேறு உயரத்தில் நிற்கிறது. இந்த இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படிக்க நேரமில்லாதவர்களும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சதுரத்தைக் கண்டவுடன் அதை அழிக்காதீர்கள், கோப்பைச் சேமிக்காதீர்கள். அநேகமாக உங்கள் எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது.

அந்தச் சதுரம் உண்மையில் என்ன?

கோப்புக்குள் எழுத்துகள் கிடையாது, எண்கள்தான் இருக்கின்றன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யுனிகோடில் ‘க’ என்பது 2965. இந்த எண்ணை எடிட்டர் எழுத்துருவிடம் கொடுத்து, ‘இதற்கு உன்னிடம் என்ன உருவம் இருக்கிறது?’ என்று கேட்கிறது. எழுத்துருவுக்குள் இன்ன எண்ணுக்கு இன்ன உருவம் என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் 2965 இல்லையென்றால், எழுத்துரு தன்னுடைய பூஜ்ஜியமாவது உருவத்தை நீட்டும். எல்லா எழுத்துருவிலும் முதல் இடம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. பெரும்பாலானவற்றில் அது வெற்றுச் சதுரம். சிலவற்றில் குறுக்குக் கோடு போட்ட சதுரம், சிலவற்றில் கேள்விக்குறி அடங்கிய சதுரம். சோயாப் பாலில் செய்யும் வெள்ளைக் கட்டி போன்ற தோற்றத்தை வைத்து இதை ‘டோஃபு’ என்று அழைப்பது வழக்கம். கூகுள் வெளியிடும் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தின் பெயரே ‘டோஃபு வேண்டாம்’ என்ற பொருளில் பிறந்ததுதான்.

அப்படியானால் எழுத்து அழிந்துவிட்டதா, இல்லையா?

திரையில் என்ன தெரிகிறது என்பதைக் கூர்ந்து பாருங்கள். நான்கு விதமான கோளாறுகள் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும், ஆனால் அவற்றின் பொருள் வேறு வேறு.

சதுரம் தெரிந்தால், எண் கோப்பில் இருக்கிறது, உருவம்தான் இல்லை. எழுத்துரு கிடைத்ததும் எழுத்து வந்துவிடும். இந்தப் பக்கம் முழுவதும் பேசப்போவது இதைத்தான்.

தமிழ் வரிக்குப் பதிலாக, மேலே கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் நீளமாக ஓடினால், எடிட்டர் கோப்பைத் தவறான என்கோடிங்கில் (எழுத்தின் எண்களைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறை) படித்திருக்கிறது. யுனிகோடுக்கான யுடிஎஃப்-8 என்ற என்கோடிங்கில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் எடுத்துக்கொள்ளும். அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகப் படித்ததால்தான் வரி மூன்று மடங்கு நீண்டு தெரிகிறது. எழுத்துருவை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. சேமிக்காமல் மூடிவிட்டு, யுடிஎஃப்-8 என்று தெரிவு செய்து மறுபடி திறங்கள்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி (�) தெரிந்தால், எடிட்டரால் பைட்டுகளைப் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்த வைரமும் யுனிகோடில் 65533 என்ற எண்ணுள்ள ஒரு குறிதான். அசல் பைட்டுகள் வட்டில் இன்னும் இருக்கும். ஆனால் இப்போது சேமித்தால் பல எடிட்டர்கள் அந்த வைரத்தையே கோப்பில் எழுதிவிடும். அதற்கப்புறம் மீட்க வழியில்லை.

கடைசியாக, சாதாரணக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் செய்தி நல்லதல்ல. யாரோ, எப்போதோ, தமிழுக்கு இடமில்லாத பழைய என்கோடிங்கில் அந்தக் கோப்பைச் சேமித்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் உண்மையாகவே கேள்விக்குறியாக மாறிவிட்டது. பழைய பிரதி இருக்கிறதா என்று தேடுவதுதான் மீதமுள்ள வழி. விண்டோஸ் நோட்பேட் வெகுகாலம் ஆன்சி என்ற அப்படிப்பட்ட பழைய முறையில்தான் சேமித்துவந்தது. 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்துதான் யுடிஎஃப்-8 அதன் இயல்பான முறை ஆனது. ஆகவே பழைய கோப்புகளில் இந்த இழப்பு நிறையவே தென்படும்.

சதுரங்கள் ஏதோ குப்பை போலத் தெரிகின்றன. ‘கண்டுபிடி, மாற்று’ போட்டு எல்லாவற்றையும் நீக்கிவிடலாமா?

வேண்டாம். நான் ஒருமுறை செய்து வருந்தியது இது. பழைய அளவைகள் பற்றிய ஒரு பட்டியல் என்னிடம் வந்தது. எண்களுக்குப் பக்கத்தில் இரண்டிரண்டாகச் சதுரங்கள். வேறெங்கிருந்தோ ஒட்டும்போது வந்த கழிவு என்று எண்ணி, அத்தனையையும் ஒரே வீச்சில் நீக்கிச் சேமித்தேன். அவை தமிழ்ப் பின்னக் குறிகள். முந்திரி, காணி, மா, கால், அரை என்று ஒவ்வொன்றையும் அனுப்பியவர் பார்த்துப் பார்த்துப் பதித்திருந்தார். பட்டியலின் உயிரே அதுதான். நல்லவேளையாக அவரிடம் அசல் இருந்தது.

யுனிகோடில் தமிழின் முதன்மைப் பகுதி 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே இருந்தது. பின்னங்களும் பழைய அளவைக் குறிகளும் அதற்கு வெகு பின்னால், 2019 மார்ச்சில் வெளியான 12.0 பதிப்பில்தான் ‘தமிழ்ச் சப்ளிமென்ட்’ என்ற தனிப் பகுதியாகச் சேர்ந்தன. மொத்தம் 51 குறிகள். வழக்கமான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இவை இல்லை. இவற்றுக்கென்றே ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்’ என்று ஓர் எழுத்துரு இருக்கிறது. அதை நிறுவிவைத்தால் போதும், எடிட்டர் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும்.

ஒரு குறிக்கு ஏன் இரண்டு சதுரம் என்று கேட்கலாம். இந்தப் பகுதியின் எண்கள் 73,664-இல் தொடங்குகின்றன. 65,535-ஐத் தாண்டிய எண்களை 16 பிட் முறையில் இரண்டு துண்டாகத்தான் எழுத முடியும். பழைய மென்பொருள்கள் அந்த இரண்டு துண்டுகளையும் தனித்தனி எழுத்தாக எண்ணி இரண்டு சதுரம் போடும். இரட்டைச் சதுரம் தெரிந்தால், அது பின்னால் சேர்க்கப்பட்ட குறியாகவோ எமோஜியாகவோ இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

மாற்று எழுத்துரு என்பது என்ன? அதை யார் தேடிப் பிடிக்கிறார்கள்?

நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் ஓர் உருவம் இல்லாதபோது, அந்த எழுத்தை மட்டும் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிக் காட்டுவதுதான் மாற்று எழுத்துரு ஏற்பாடு. ஃபால்பேக் என்று சொல்வார்கள். நிரல் எழுதப் பயன்படும் சமஅகல (எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள) எழுத்துருக்களில் தமிழ் இருப்பது அபூர்வம். அப்படியிருந்தும் அவற்றில் தமிழ் எழுதினால் தெரிகிறதே, அது இந்த ஏற்பாட்டால்தான்.

தேடல் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் எடிட்டர், நீங்கள் கொடுத்த எழுத்துரு வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும். எதிலும் கிடைக்காவிட்டால் இயங்குதளத்திடம் கேட்கும். விண்டோஸ் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் ஒரு எழுத்துருவைக் குறித்து வைத்திருக்கிறது. விண்டோஸ் 8 முதல் தமிழுக்கு அது நிர்மலா யுஐ, அதற்கு முன்பு லதா. மேக்கில் ஓர் அடுக்குப் பட்டியல் இருக்கிறது. அதன் அடியில் ‘லாஸ்ட் ரிசார்ட்’ என்ற எழுத்துரு காத்திருக்கும். எழுத்தின் உருவம் அதில் இருக்காது, எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தது என்று காட்டும் கட்டம் மட்டும் வரும். லினக்ஸில் ஃபான்ட்கான்ஃபிக் என்ற நூலகம் இந்தப் பொறுப்பை ஏற்கிறது. கணினியின் மொழி அமைப்பு, நிறுவப்பட்ட எழுத்துருக்கள், அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் பார்த்து ஒரு வரிசை போடும்.

இரண்டாவது கட்டத்தை நம்பி இருக்காதீர்கள் என்பது என் கருத்து. இயங்குதளம் தேர்ந்து கொடுப்பது ‘கிடைத்த’ எழுத்துரு, ‘நல்ல’ எழுத்துரு என்ற உறுதி இல்லை. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவும்போது கூடவே நான்கு எழுத்துருக்கள் உள்ளே வந்து, நேற்றுவரை அழகாக இருந்த தமிழ் இன்று வேறு முகத்தோடு நிற்பதுண்டு. நாள் முழுக்கப் பார்க்கப்போகிற எழுத்தை நீங்களே தேர்ந்துகொள்வதுதான் முறை.

உலகின் எல்லா எழுத்துகளையும் ஒரே எழுத்துருவில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

முடியாது. ஓர் எழுத்துருக் கோப்பு தாங்கக்கூடிய உருவங்கள் அதிகபட்சம் 65,535. யுனிகோட் 16.0 பதிப்பில் மட்டும் 1,54,998 குறிகள் இருக்கின்றன. பல எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்களும் வேண்டும். குனு யூனிஃபான்ட் என்ற புள்ளிக்கட்ட எழுத்துரு முடிந்தவரை அகலமாகக் கை விரிக்கிறது. வாசிக்க அது சுகமில்லை, ஆனால் வரிசையின் கடைசியில் வைத்தால் பெரும்பாலான சதுரங்கள் ஏதோ ஒரு வடிவமாவது பெறும்.

எடிட்டரில் எழுத்துரு வரிசையை எங்கே கொடுப்பது?

விஷுவல் ஸ்டூடியோ கோடில் அமைப்புகளுக்குள் ‘ஃபான்ட் ஃபேமிலி’ என்ற பெட்டி இருக்கும். அதில் எழுத்துருப் பெயர்களைக் காற்புள்ளி போட்டு வரிசையாக எழுதலாம். பெயரில் இடைவெளி இருந்தால் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் எழுத்துருப் பக்கத்தில் ‘டைப்போகிராஃபி’ பகுதியைத் திறந்தால் ஃபால்பேக் எழுத்துருவுக்குத் தனி இடம் உண்டு, ஆனால் ஒன்றைத்தான் கொடுக்க முடியும். ஈமேக்ஸ் இந்த விஷயத்தில் எல்லோரையும் விட முன்னால் நிற்கிறது. ‘ஃபான்ட்செட்’ என்ற ஏற்பாட்டில் தமிழ் எழுத்துமுறைக்கு இது, எமோஜிக்கு அது, இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரைக்கும் வேறொன்று என்று நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லலாம். நோட்பேட் போன்ற எளிய எடிட்டர்களில் ஒரே ஒரு எழுத்துருதான், மீதியை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும்.

வரிசையில் ஆங்கிலத்துக்கான சமஅகல எழுத்துரு முதலில், தமிழ் எழுத்துரு அடுத்து, குறிகளுக்கும் எமோஜிக்கும் உரியவை அதன் பின். இதை மாற்றிப் போடாதீர்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துகளும் சேர்ந்தே இருக்கும். தமிழை முன்னால் வைத்தால் நிரலின் ஆங்கிலமும் அதிலிருந்தே எடுக்கப்படும், சமஅகலம் போய் வரிகள் கோணலாகும்.

வரிசையைச் சரியாகத்தான் கொடுத்தேன். ஆனாலும் தமிழ் அசிங்கமாக வருகிறது.

முதல் எழுத்துருவில் தமிழ் மோசமாக இருந்தால் இப்படி ஆகும். தேடுகிற நிரல் ‘உருவம் இருக்கிறதா’ என்று மட்டும்தான் பார்க்கிறது, நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எல்லா மொழிக்கும் பொதுவானது என்று வரும் பெரிய எழுத்துருக்கள் சிலவற்றில், பெயருக்குத் தமிழைச் சேர்த்துவைத்திருப்பார்கள். புள்ளி எழுத்தின் மேல் மோதும், உகர ஊகாரங்கள் ஒடுங்கும். ஆனாலும் உருவம் ‘இருப்பதால்’ அடுத்த எழுத்துருவுக்கு வாய்ப்பே கிடைக்காது. இல்லாத எழுத்தை விட, அரைகுறையாக இருக்கும் எழுத்துதான் அதிகத் தொந்தரவு.

முதல் எழுத்துருவைத் தமிழே இல்லாத ஒன்றாக மாற்றுவது சுலபமான தீர்வு. அது முடியாது என்றால், ஈமேக்ஸில் தமிழ் எழுத்துமுறைக்குத் தனியே கட்டளை கொடுக்கலாம். லினக்ஸில் ஃபான்ட்கான்ஃபிக் விதி எழுதி, குறிப்பிட்ட எழுத்துருவிலிருந்து தமிழ்ப் பகுதியைக் கழித்துவிடலாம்.

கொம்பு தனியாக நிற்கிறது, எழுத்துக்குப் பதில் புள்ளி வட்டம் வருகிறது. இதுவும் எழுத்துருக் கோளாறா?

சில சமயம் ஆமாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்ட எடிட்டர்கள் இடறுவது இங்கேதான்.

‘கெ’ என்று எழுதும்போது கோப்பில் முதலில் ‘க’, அடுத்து ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பு முன்னால் போக வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துருவும் ‘ஷேப்பிங்’ நிரலும் சேர்ந்து. ஹார்ஃப்பஸ், டைரக்ட்ரைட், கோர் டெக்ஸ்ட் என்பவை அப்படிப்பட்ட நிரல்கள். அவை வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. மெய்யும் (இங்கே ‘க’ போன்ற அடிப்படை எழுத்து) அதன் மேல் ஏறும் குறியும் ஒரே எழுத்துருவிலிருந்து வர வேண்டும்.

இப்போது ‘ஶ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இது யுனிகோடில் 2005-இல் வந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் புள்ளி, சுழி, கால் எல்லாம் இருக்கும், ‘ஶ’ மட்டும் இருக்காது. ‘ஶி’ என்று ஒருவர் எழுதுகிறார். நல்ல நிரல், முழு எழுத்தையும் ஒரே அலகாகக் கருதி, இரண்டு குறிகளும் உள்ள வேறொரு எழுத்துருவுக்கு மொத்தமாக மாறும். அவசரப்பட்ட நிரல் ‘ஶ’-வை மட்டும் வேறிடத்தில் வாங்கிவிட்டு, இகரக் குறியைப் பழைய எழுத்துருவிலேயே வைத்திருக்கும். இகரத்துக்கு ஏற மெய் இல்லை. ஷேப்பிங் நிரல், ‘இங்கே ஒரு மெய் இருந்திருக்க வேண்டும்’ என்று சொல்வதற்காக ஒரு புள்ளி வட்டத்தை வரைந்து அதன் மேல் குறியை வைக்கும். ஆக, மாற்று எழுத்துருவை ஒவ்வொரு எண்ணுக்காகத் தேடுவது தவறு, ஓர் எழுத்து முழுமைக்காகத் தேட வேண்டும். எடிட்டர் எழுதுபவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்துவிடுங்கள். தமிழுக்கு மட்டுமல்ல, இந்திய மொழிகள் அனைத்துக்கும் நன்மை.

இன்னொரு காரணமும் உண்டு, அதில் எழுத்துரு மேல் பழி இல்லை. கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரிவதால் முதலில் கொம்பையும் அப்புறம் மெய்யையும் தட்டச்சு செய்தால், கோப்பிலேயே வரிசை தவறு. அப்போதும் புள்ளி வட்டம் வரும். மெய்யெழுத்தை முதலில் வைத்துத் திருத்திவிடுங்கள்.

தமிழ் வந்த வரி மட்டும் உயரமாகிறது. வேறு எடிட்டரில் எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்படுகிறது.

ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு இடம் வேண்டும் என்று எண்களைச் சொல்லும். ஆங்கில எழுத்துருவும் தமிழ் எழுத்துருவும் சொல்லும் எண்கள் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை. சில எடிட்டர்கள் வரிக்கு வரி உயரத்தை மாற்றும், அதனால் பக்கம் அலைபாயும். சில எடிட்டர்கள் முதல் எழுத்துருவின் உயரத்தையே எல்லா வரிக்கும் நிலையாக வைத்துவிடும், அதனால் ‘ஸ்ரீ’, ‘கூ’ போன்றவை வெட்டுப்படும். வரி உயரத்தைக் கையால் கூட்டி வையுங்கள். எழுத்தளவின் ஒன்றரை மடங்கில் தொடங்கி, கண்ணுக்கு இதமாக இருக்கும் இடத்தில் நிறுத்தலாம்.

இதோடு சேர்த்து ஒன்று. பல எடிட்டர் அலங்காரங்கள் (தீம்கள்) நிரலின் குறிப்புரைகளைச் சாய்வெழுத்தில் காட்டும். தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் பெரும்பாலும் கிடையாது. அதனால் நேரெழுத்தையே இயந்திரத்தனமாகச் சரித்துக் காட்டும், வாசிக்கச் சிரமம். தமிழில் குறிப்புரை எழுதுபவர்கள் சாய்வை நிறுத்திவிடுவது நல்லது.

பத்திகளை நேராக நிறுத்த முடியவில்லை. சமஅகலத் தமிழ் எழுத்துரு ஏதாவது போடலாமா?

‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலத்தில் அடங்க வேண்டும் என்றால் ஒன்று விரிய வேண்டும், இல்லை மற்றது நசுங்க வேண்டும். தமிழ் எழுத்தின் இயல்பு அது இல்லை. இடைவெளிகளைத் தட்டிப் பத்தி அமைப்பதை விட்டுவிட்டு, தாவல் குறியால் பிரித்த கோப்பாகவோ அட்டவணைச் செயலியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட்டரில் சரியாகத் தெரிவது டெர்மினலில் மட்டும் சிதைகிறதே?

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினல் ஒரு கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு குறிக்கும் ஒரு கட்டம், இரண்டு கட்டம், அல்லது கட்டமே இல்லை என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடும். தமிழ் எழுத்தின் உண்மையான அகலம் அந்தக் கணக்கில் அடங்காது. அதனால் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும், கர்சர் ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் இருக்கும். டெர்மினலுக்குள் ஓடும் விம் போன்ற எடிட்டரில் நீங்கள் எழுத்துருவைத் தேர முடியாது. அது டெர்மினலின் எழுத்துரு, டெர்மினலின் ஃபால்பேக். நீளமான தமிழ் உரையை எழுதுவதென்றால் வரைகலைச் சாளரம் கொண்ட எடிட்டருக்குப் போய்விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

டெர்மினலில் கிளை வடிவம், அம்பு, கோப்புறைச் சின்னம் வர வேண்டிய இடத்தில் சதுரம் வருகிறது என்றால் அது வேறு கதை. அந்தச் சின்னங்களின் எண்கள் யுனிகோடில் ‘தனிப் பயன்பாட்டுப் பகுதி’ என்று விடப்பட்ட 6,400 இடங்களுக்குள் பெரும்பாலும் வரும். அந்த எண்களுக்குப் பொதுவான பொருள் கிடையாது, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சின்னங்களை அமைத்தவர் எந்த எழுத்துருவை நினைத்தாரோ, பெரும்பாலும் நெர்டு ஃபான்ட்ஸ் வகை, அதையே நிறுவ வேண்டும்.

பழைய தமிழ்க் கோப்புகளுக்கும் இதே மருந்து உதவுமா?

உதவாது. பாமினி போன்ற எழுத்துருக்களின் காலத்தில் தட்டச்சு செய்த கோப்பில் தமிழ் எண்களே இல்லை. ஆங்கில எழுத்துகளின் எண்கள் மேல் தமிழ் உருவத்தை ஒட்டிவைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு போனதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வரி நிற்கும். எடிட்டரைப் பொறுத்தவரை எந்த உருவமும் குறையவில்லை, ஆகவே அது மாற்று எழுத்துருவைத் தேடவே தேடாது. டிஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங்கில் உள்ள கோப்புகளின் கதையும் ஏறக்குறைய இதுதான், அங்கே ஐரோப்பிய எழுத்துகள் தெரியும். யுனிகோடுக்கு மாற்றித் தரும் கருவியில் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியபின் அசலையும் வைத்திருங்கள்.

டேஸ் 16 முறையில் உள்ள கோப்பு மட்டும் சதுரமாகத் தெரியும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்த முறை அது. அந்த எண்கள் மேலே சொன்ன தனிப் பயன்பாட்டுப் பகுதியில் இருக்கின்றன. டேஸ் எழுத்துரு நிறுவினால் படிக்கலாம், தொடர்ந்து பயன்படுத்த யுனிகோடுக்கு மாற்றுவது நல்லது.

எமோஜி?

விண்டோஸில் செகோ யுஐ எமோஜி, மேக்கில் ஆப்பிள் கலர் எமோஜி, லினக்ஸில் நோட்டோ கலர் எமோஜி. பழைய எழுத்துருவில் குடும்பப் படம் உதிர்ந்து தனித்தனி ஆட்களாக நிற்கும், ஏனென்றால் கோப்பில் அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியால் கோத்த பல எமோஜிகள். விண்டோஸின் எழுத்துருவில் நாட்டுக் கொடிகள் இல்லை, கொடிக்குப் பதில் இரண்டு ஆங்கில எழுத்துகள் வருவது அதனால்தான்.

என் கோப்பை வாங்குகிறவருக்கும் இப்படியே தெரியுமா?

தெரியாது. வெறும் உரைக்கோப்பில் எழுத்துரு பயணம் செய்வதில்லை, எண்கள் மட்டுமே போகும். அவருடைய கணினியில் எந்த எழுத்துரு இருக்கிறதோ அதுதான் அவர் காண்பது. தோற்றம் முக்கியம் என்றால், எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

எழுத்துருவை நிறுவிவிட்டேன், இன்னும் சதுரம்தான்.

எடிட்டரை முழுவதுமாக மூடித் திறந்தீர்களா? ஓர் எழுத்துக்காகக் கணினியில் உள்ள எல்லா எழுத்துருக்களையும் புரட்டுவது நேரம் பிடிக்கும் வேலை. அதனால் ஒருமுறை தேடியதன் முடிவை, ‘கிடைக்கவில்லை’ என்ற முடிவையும் சேர்த்து, நிரல்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். சாளரத்தை மூடினால் போதாது, நிரலே நிற்க வேண்டும். லினக்ஸில் எஃப்சி-கேஷ் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். விண்டோஸில் எழுத்துருவை உங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவியிருந்தால் சில நிரல்களுக்கு அது தெரிவதில்லை, ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்று நிறுவிப் பாருங்கள். எழுத்துருப் பெயரை எழுதுவதிலும் தவறு நேரும். கோப்பின் பெயர் வேறு, எழுத்துருக் குடும்பத்தின் பெயர் வேறு. அமைப்பில் கொடுக்க வேண்டியது இரண்டாவது.

எந்த எழுத்துருவிலிருந்து எழுத்து வருகிறது என்று எப்படி அறிவது?

ஈமேக்ஸில் கர்சரை எழுத்தின் மேல் வைத்து ‘டிஸ்கிரைப் சார்’ கட்டளை கொடுத்தால் எண், பெயர், எழுத்துரு அனைத்தும் வரும். விஷுவல் ஸ்டூடியோ கோடு உள்ளுக்குள் ஓர் உலாவிதான். உதவிப் பட்டியலில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, அந்த வரியைத் தேர்ந்து, ‘கம்ப்யூட்டட்’ தாவலின் அடியில் பாருங்கள். உண்மையில் பயன்பட்ட எழுத்துருக்களின் பெயர் அங்கே இருக்கும். லினக்ஸில் தமிழுக்கு எது தேர்வாகிறது என்பதை எஃப்சி-மேட்ச் சொல்லும்.

எல்லாம் செய்தாயிற்று. ஒரே ஒரு சதுரம் மட்டும் போகவில்லை.

அதன் எண்ணைக் கண்டுபிடியுங்கள். விம்மில் கர்சரை அதன் மேல் வைத்து ஜி, ஏ என்று இரண்டு விசை. வேர்டில் ஒட்டி, அதற்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் பதினாறடிமான எண்ணாக (0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் கொண்டு எழுதுவது) மாறும்; இங்கே நான் தருபவை வழக்கமான பதின்ம எண்கள்.

எண் தெரிந்ததும் யுனிகோட் அட்டவணையில் பாருங்கள். ₹ குறி 8377, அது 2010-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய எழுத்துருவை வைத்திருந்தால் சதுரம் வருவது இயல்பு, புதிய பதிப்பை நிறுவினால் தீர்ந்தது. தனிப் பயன்பாட்டுப் பகுதியில் விழுந்தால், கோப்பை எழுதியவரிடம் எந்த எழுத்துரு என்று கேளுங்கள். இரண்டும் இல்லாமல், எந்த எழுத்தும் ஒதுக்கப்படாத வெற்று இடத்தில் விழுந்தால்? தமிழின் முதன்மைப் பகுதி 2944 முதல் 3071 வரை 128 இடங்கள், நிரம்பியிருப்பவை 72 மட்டுமே. மற்ற 56-இல் ஒன்று உங்கள் கோப்பில் இருந்தால் எந்த எழுத்துருவாலும் அதை வரைய முடியாது. எங்கோ ஒரு மாற்றுக் கருவி தவறான எண்ணை எழுதியிருக்கிறது. அந்த வரியை அசலோடு வைத்துப் பார்த்து, சரியான எழுத்தைக் கையால் போட்டுவிடுங்கள்.